முப்பது சதவீத நாற்காலி

"உடல் வயசு அறுபத்து மூணுன்னு போட்டிருக்கே, இது யாரோட வயசு?"

கேட்டது மனைவி. துவைக்க எடுத்த சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்த வண்ணத்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

ஹாலில் மசாஜ் நாற்காலியில் மல்லாந்து கிடந்த பார்சல் சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அது அந்த மிஷினோட வயசா இருக்கும்."

"மிஷினுக்கு எடை எண்பத்திரண்டு கிலோவா? உயரம் அஞ்சடி ஆறங்குலமா? பாலினம் ஆணா?"

மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

பார்சல் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே இருபது வருஷத்தை ஓட்டியவர் அவர். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் பார்சல் சார்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. அவர் தராசில் இருபது கிராம் கூடினாலும் கூடினதுதான். அழுதாலும் புரண்டாலும் அடுத்த கட்டணம். "எடைன்னா எடைதாங்க, மனசாட்சிக்கு விரோதமா நான் நடக்க முடியாது" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர், தன் எடை பேசப்படுகிறது என்றதும் நாற்காலியின் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். தெருமுனையில் புதிதாக ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். வாசலில், 'இன்று மட்டும் உடல் ஸ்கேன் இலவசம்' என்று ஒரு பேனர். இலவசம் என்று எழுதியிருந்தால் பார்சல் சார் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்வார். உள்ளே போய், செருப்பைக் கழற்றி, இரண்டு உலோகத் தகட்டின்மேல் வெறுங்காலோடு நின்று, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தார். டிரெய்னர் பெண் பட்டனைத் தட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு தாள் வந்தது. அதில் அவருக்குப் புரிந்த ஒரே வரி, 'எலும்பின் எடை: இயல்பு'. அது பச்சையில் இருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்ற பரம திருப்தியோடு மடித்துப் பைக்குள் வைத்தவர்தான், அதோடு அதை மறந்துவிட்டார்.

மனைவி கணக்கு டீச்சர். சதவீதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டாள்.

"உடல் கொழுப்பு முப்பத்தொண்ணு புள்ளி நாலு சதவீதம். அப்படின்னா என்ன அர்த்தம் தெரியுமா? இந்த நாற்காலியில மூணு பேர் உக்காந்திருக்கீங்கன்னு வச்சுக்கங்க. அதுல ஒருத்தர் முழுக்க முழுக்கக் கொழுப்பு."

"மத்த ரெண்டு பேரும் நல்லவங்கதானே?"

"உள்ளுறுப்புக் கொழுப்பு பதிமூணு. பத்தைத் தாண்டினா எச்சரிக்கைன்னு கீழ போட்டிருக்கான். வெளிய தெரியிற தொப்பை இல்லையாம் இது. உள்ள, ஈரலைச் சுத்தி, குடலைச் சுத்தி உக்காந்திருக்கிறதாம்."

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியப் போகுது, விடு."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே!" டீச்சரின் குரல் கொஞ்சம் உடைந்தது. "உங்களுக்கு நாற்பத்தாறு. உள்ள இருக்கிறவருக்கு அறுபத்து மூணு. நான் யாரோடங்க குடும்பம் நடத்திட்டிருக்கேன்? எனக்குப் பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் அது நிஜம். பார்சல் சார் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்தது அந்த நாற்காலியிலேயேதான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. மூன்று வருஷம் ஓவர்டைம் பார்த்து அவர் வாங்கியது அது. கறுப்புத் தோல், கழுத்திலிருந்து கெண்டைக்கால் வரை உருளைகள், பதினோரு விதமான மசாஜ். நாளெல்லாம் கவுன்டரில் குனிந்து நிமிர்ந்த முதுகை வீட்டுக்கு வந்ததும் அதில் ஒப்படைத்தால், 'உருட்டு' என்ற பட்டனில் ஆரம்பித்து 'பிசை' என்ற பட்டனில் அவர் வேறு உலகத்துக்குப் போய்விடுவார். வீட்டில் அலமாரி மனைவியுடையது, டிவி மனைவியுடையது, ஜன்னலோரக் கட்டில்கூட மனைவியுடையது. இவருக்கென்று இருந்தது இது ஒன்றுதான்.

"எல்லாம் இது வந்த நாள்லேர்ந்துதான்," என்றாள் டீச்சர். "ஆபீஸ்ல உக்காரறீங்க, பஸ்ல உக்காரறீங்க, இங்க வந்து படுத்துடறீங்க. சரி, ரெண்டு மாசம் டயம் தரேன். அதே ஜிம், அதே மிஷின். முப்பதுக்குக் கீழ வந்தா நாற்காலி இருக்கும். வரலைன்னா போகும்."

"எங்க போகும்?"

"எங்கேயாவது போகும். அதுவா இப்ப முக்கியம்?"

வேண்டுமென்றே கஷ்டமான கணக்கை அவள் கொடுக்கவில்லை. ஒன்றரை சதவீதம்தான். பாஸ் மார்க் மாதிரி. சொல்லிவிட்டுத் துணிக்கூடையோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மனைவியின் தம்பி, வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். புகைபோக்கி விசிறியைச் சரிபார்க்க வந்து, ஸ்டூலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"என்ன அத்தான், இதுக்குப் போய் இடிஞ்சு உக்காந்துட்டீங்க?"

"மச்சான், நாற்காலி போகப் போகுதுடா."

"போகுமா? நான் இருக்கிறப்பவா?" டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தான். "முதல்ல எழுந்திரிங்க. இதோட வயர் சூடாகுதான்னு பார்ப்போம்."

அவர் எழுந்ததும் அவன் உட்கார்ந்தான். 'பிசை' பட்டனை அழுத்தினான். கண்ணை மூடினான். ரொம்ப நேரம் கழித்து, "சூடாகல" என்றான். அப்புறம் பையிலிருந்து டேப்பை எடுத்து நாற்காலியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தான்.

"அது எதுக்குடா?"

"லோடு கணக்கு அத்தான்."

மின்சார விஷயத்தில் பார்சல் சாருக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் மட்டும்தான். தலையை ஆட்டிவைத்தார்.

"இப்ப நான் சொல்றதை நல்லாக் கேளுங்க," என்று மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அந்த மிஷின் உங்க உடம்புக்குள்ள ஒரு பொடிக் கரன்ட்டை விடுது. தசை கரன்ட்டைத் தடுக்காமப் போக விட்டுடும். கொழுப்பு மறிக்கும். எவ்வளவு மறிக்குதோ, அதை வச்சு மிஷின் ஒரு கணக்குப் போடுது. அவ்வளவுதான். இது ஜிம் விஷயமே இல்ல அத்தான். வயரிங் விஷயம்!"

பார்சல் சார் துள்ளி எழுந்தார். "வயரிங்கா!"

"சுத்தமான வயரிங். என் தொழில். நீங்க பாட்டுக்கு நடங்க, ஓடுங்க, சாப்பாட்டைக் குறைங்க, அது அக்காவுக்காக. ஆனா மிஷின்மேல ஏறும்போது மட்டும் நான் சொல்றபடி ஏறணும்."

பார்சல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு எதற்குப் பயப்பட வேண்டும்? அன்று ராத்திரி நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்து, "உன்னை எவனும் அசைக்க முடியாதுடா" என்று சத்தியம் செய்தார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். ஆபீஸுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தார். வீட்டுக்கு லிஃப்டை விட்டுப் படியேறினார். இரண்டாவது தடவை சாப்பாடு கேட்பதை நிறுத்தினார். கவுன்டரில் சும்மா உட்காராமல், வந்த பார்சலைத் தானே தூக்கிப் பின்னால் கொண்டுபோய் அடுக்கினார். "சாருக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று ஆபீஸே கிசுகிசுத்தது. மூன்றாவது வாரம் பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட வேண்டி வந்தது. அந்த ஓட்டையை அவர் மனைவிக்குக் காட்டினார், எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டினார், பால் போட வந்தவருக்கும் காட்டினார்.

"ஒரு ஒத்திகை பார்த்துடலாமா மச்சான்?" உற்சாகம் தாங்கவில்லை.

"பார்த்துடலாம் அத்தான். நாளைக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி பல்லுல படக்கூடாது."

"ஏன்டா?"

மச்சான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "தண்ணியும் கரன்ட்டும் சேரலாமா? ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதேன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். உள்ள தண்ணியை ரொப்பிட்டுப் போய் நின்னா மிஷின் என்ன நினைக்கும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தண்ணீரில்லை, காபியில்லை. போதாததற்கு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றச் சொன்னான். வேர்த்து விறுவிறுத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, பார்சல் சார் ஜிம்முக்குள் நுழைந்தார்.

"வாங்க சார்," என்றாள் டிரெய்னர் பெண். "இலவசம் ஒருத்தருக்கு ஒரு தடவைதான். இந்தத் தடவை கட்டணம் உண்டு. பிரிண்ட் வேணும்னா அது தனி. ரிசல்ட்டை விளக்கிச் சொல்லணும்னா அதுவும் தனி."

"எல்லாத்துக்கும் தனித்தனியாவா?" என்று எகிறப் போனவருக்கு, டேப் ஒட்ட தனி, கயிறு கட்ட தனி, முகவரி எழுதிக் கொடுத்தால் அதற்கும் தனி என்று இருபது வருஷமாகத் தான் சொல்லிவந்தது ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு காசைக் கொடுத்தார்.

"ஸ்கேனுக்கு முன்னாடி தண்ணி..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"எல்லாம் நான் சொல்லிட்டேம்மா, நீ பட்டனைத் தட்டு," என்றான் மச்சான்.

தாள் வந்தது. முப்பத்து மூன்று புள்ளி இரண்டு. உடல் வயது அறுபத்தாறு.

"ஏறியிருக்கு!" பார்சல் சார் அலறிவிட்டார். "ரெண்டு ஸ்டாப் நடந்திருக்கேன்மா! படியேறியிருக்கேன்! இங்க பாரு, பெல்ட்டுல ஓட்டை!"

"கவலைப்படாதீங்க சார்," என்று அவள் பளிச்சென்று சிரித்தாள். "இந்த ரேஞ்சுக்கு எங்ககிட்ட கோல்டு பேக்கேஜ் இருக்கு. ஒரு வருஷத்துக்கு..." என்று ஒரு தொகையைச் சொன்னாள். கேட்டதும் பார்சல் சாருக்கு வேர்வை நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினார். "திருட்டுப் பசங்க! பேக்கேஜ் தலையில கட்டணும்னு நம்பரை ஏத்திவிடறாங்க. மிஷின்லயே ஏதோ பண்ணி வச்சிருக்காங்க மச்சான்!"

"எனக்கும் அந்த சந்தேகம் இருக்கு அத்தான்," என்றான் மச்சான் தீவிரமாக. "ஆனா அக்கா அதே மிஷின்னு சொல்லிட்டாளே. நாமதான் அதை மடக்கணும். நீங்க நின்னப்போ பார்த்தேன். உங்க உள்ளங்கால் பூரா வேர்வை. ஈரம். அங்கதான் தப்பு நடந்திருக்கு."

இதற்கிடையில் பார்சல் சாருக்கு ஒரு தகவல் கிடைத்தது. பரிசோதனைக் கூடத்தில் படுக்க வைத்து எடுக்கிற பெரிய ஸ்கேன் ஒன்று இருக்கிறதாம். கரன்ட்டு கிரன்ட்டு எதுவும் கிடையாது, எக்ஸ்ரே மாதிரி. எலும்பு, தசை, கொழுப்பு என்று பிரித்துப் பிட்டுப் பிட்டு வைத்துவிடுமாம். போன் போட்டு விலை கேட்டார். எதிர்முனையில் சொன்னார்கள்.

"ஒரு உடம்புக்குத்தானேம்மா இந்த ரேட்டு? கிலோவுக்கு இல்லியே?"

போனை வைத்துவிட்டு மச்சானிடம் சொன்னார். எப்போதும் எதற்கும் சரி என்கிற மச்சான் முகம் அன்றைக்கு மட்டும் சுருங்கிப்போனது.

"வேணாம் அத்தான். அந்தக் காசுக்கு இன்னொரு நாற்காலிக்கு முன்பணம் கட்டிடலாம். அதுவுமில்லாம அது எக்ஸ்ரே. உங்க உடம்பு தாங்குமா?"

டீச்சரும் வேண்டாம் என்றாள். அவள் காரணம் வேறு. "முதல்ல எதால அளந்தோமோ அதாலதான் கடைசிலயும் அளக்கணும். அளவுகோலை மாத்திட்டா அது கணக்கே இல்ல."

ஆகவே மூன்றாவது ஸ்கேனும் ஜிம்மில்தான். இந்த முறை மச்சான் தன் கையாலேயே அவர் பாதங்களைத் துண்டால் ஒற்றி, முகப் பவுடரை அரை டப்பா கொட்டித் தேய்த்துவிட்டான். அது மட்டுமா? ஸ்கேன் காசையும் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தான். "இது என் பங்கு அத்தான். நீங்க எனக்கு அண்ணன் மாதிரி" என்று அவன் சொன்னபோது பார்சல் சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் முதலில் பிடிவாதம் பிடித்தது. 'கால்களைச் சரியாக வைக்கவும்' என்று திரும்பத் திரும்ப எழுத்து ஓடியது. டிரெய்னர் பெண் குனிந்து பார்த்தாள். தகட்டின்மேல் வெள்ளை வெளேரென்று இரண்டு பாதச் சுவடுகள்.

"இது என்ன சார், பவுடரா?"

"அத்தானுக்குக் கால்ல அரிப்பும்மா," என்றான் மச்சான் சட்டென்று. "டாக்டர் போடச் சொல்லியிருக்காரு. துடைச்சா பரவும்."

அந்தப் பெண் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். மிஷின் முக்கி முனகி ஒருவழியாக ஒரு தாளைத் துப்பியது. முப்பத்தைந்து புள்ளி ஒன்று. உடல் வயது அறுபத்தொன்பது.

"பிளாட்டினம் பேக்கேஜ் சார்," என்றாள் அவள் தூர நின்றே.

பார்சல் சார் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், இளைச்சுட்டீங்களே, வீட்ல பிரச்சினையா?" என்று விசாரிக்கிறார். மிஷின் மட்டும் கொழுப்பு கூடுகிறது என்கிறது! இது எந்த ஊர் நியாயம்?

"விடுங்க அத்தான்," என்று மச்சான் தோளில் தட்டினான். "ஒத்திகை எப்பவும் சொதப்பத்தான் செய்யும். அசல் அன்னிக்குப் பாருங்க. மொத்த வித்தையையும் இறக்கிடறேன்."

அசல் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் வெளுத்த சேலையும் கைப்பையுமாக, பரீட்சை ஹாலுக்குப் போகிற மாதிரி கிளம்பினாள். பார்சல் சார் முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருந்தார். உதடு வெடித்திருந்தது. ஆனால் நெஞ்சு பூரா உற்சாகம். கிளம்புவதற்கு முன் நாற்காலியின் ரிமோட்டை எடுத்து அதன் பையில் வைத்து, "வந்து உருட்டச் சொல்றேன்" என்றார்.

ஜிம்மின் ஆண்கள் கழிப்பறையில் மச்சான் ஏற்கெனவே தயாராக இருந்தான். ஹேர் டிரையரை பிளக்கில் செருகி, அத்தானை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் முறுக வாட்டினான். உடற்பயிற்சி முடித்து முகம் கழுவ வந்த இரண்டு பேர் பயந்து அப்படியே திரும்பிப் போனார்கள்.

"சுடுதுடா!"

"பொறுங்க அத்தான். நாற்காலியை நினைச்சுக்கங்க."

நினைத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டார். அப்புறம் அவன் ஒரு டப்பாவைத் திறந்து, பித்தவெடிப்புக் களிம்பை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துப் பூசினான்.

"இது எதுக்கு மச்சான்?"

"பாதுகாப்பு. கரன்ட் வேலைக்குப் போறப்போ நான் கையுறை போடாம போவேனா? அந்த மாதிரிதான்."

பார்சல் சார் வழுக்கிக்கொண்டே மிஷினில் ஏறினார். கைப்பிடி இரண்டு தடவை நழுவியது. "சார், கையில ஏதாவது..." என்று டிரெய்னர் பெண் கிட்டே வந்தாள். காலைப் பார்த்தாள். அரிப்பு ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். எட்டிக் கையை நீட்டிப் பட்டனைத் தட்டினாள்.

பார்சல் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இருபத்தொன்பதே போதும். இருபத்தொன்பது புள்ளி ஒன்பதுகூடப் போதும். கிராம் சுத்தமாக எடை போட்ட இருபது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு தராசு தனக்காகக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதா என்று ஆசைப்பட்டார்.

தாளை டீச்சர் வாங்கினாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு," என்றாள் மெதுவாக.

டிரெய்னர் பெண் இந்த முறை பேக்கேஜ் எதையும் எடுக்கவில்லை. "சார், உடல் வயசு எழுபத்திரண்டுக்குப் போயிடுச்சு. இதுக்கு டைமண்ட் பேக்கேஜ் போட எனக்கு மனசு வரல. நீங்க ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க."

பார்சல் சார் களிம்புக் காலோடு அப்படியே பெஞ்சில் சரிந்தார். டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் துளிகூட இல்லை. அவருடைய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா மூணு ஓட்டை இருக்கேங்க," என்றாள். "படியேறினா முன்ன மாதிரி மூச்சு வாங்கலையே உங்களுக்கு. ராத்திரி குறட்டைகூட நின்னுபோச்சு. எனக்கென்னவோ இந்த நம்பர் மேல... பேசாம நாற்காலி இருந்துட்டுப் போகட்டுமா?"

பார்சல் சார் தலை நிமிர்ந்தது. கண்ணில் உயிர் வந்தது.

"அக்கா!" என்றான் மச்சான். "நீ கணக்கு டீச்சர். பாசத்துக்காக மார்க்கைக் கூட்டிப் போடுவியா? நாளைக்கு உன் கிளாஸ்ல எந்த முகத்தோட போய் நிப்ப?"

டீச்சரின் முதுகு நிமிர்ந்துவிட்டது. அவன் தொட்ட இடம் அப்படிப்பட்ட இடம். அரை மார்க்குக்காகத் தன் சொந்த நாத்தனார் மகளையே ஃபெயிலாக்கியவள் அவள்.

"அவன் சொல்றதும் சரிதாங்க," என்றாள்.

பார்சல் சாருக்கு அழுகை வந்தது. ஆனாலும் மனிதர் நியாயஸ்தர். எத்தனை பேர் கவுன்டருக்கு வெளியே நின்று கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு கிராமாவது விட்டிருப்பாரா? "எடைன்னா எடைதான்," என்றார் தழுதழுத்து. "போகட்டும். நீ சொன்ன சொல் நிக்கட்டும்."

மத்தியானம் மூன்று பேரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். பழைய சாமான் கடைக்குப் போன் செய்யலாம் என்று டீச்சர் சொன்னாள்.

"பழைய சாமான் கடையா!" பார்சல் சார் துடித்துப்போனார். "யார் யாரோ வந்து உக்காந்து பார்ப்பாங்களே! டீயைக் கொட்டுவாங்களே!"

மச்சான் மூக்கை உறிஞ்சினான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அத்தான், எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல. என் வீட்லயும் இடம் கிடையாது. ஆனா வெளியாள் கைக்குப் போறதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியல. நானே எப்படியாவது ஒரு மூலையில வச்சுப் பார்த்துக்கறேன். உங்களுக்கு எப்ப வேணும்னாலும் வந்து உக்காருங்க."

பார்சல் சார் பாய்ந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டார். "மச்சான்! கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்டா. ரெண்டு மாசமா எனக்காக ஓடின. உன் காசைப் போட்ட. என் காலைப் பிடிச்சுப் பவுடர் போட்ட. இப்ப இதையும் சுமக்கறியே!"

"அழாதீங்க அத்தான். நான் முன்னால போய் இடத்தை ஒழிச்சு வைக்கறேன்," என்று சொல்லிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான் மச்சான். வண்டிக்குச் சொல்லிவிட்டேன், வந்துவிடும் என்று தெருவிலிருந்தே கத்திவிட்டுப் போனான்.

சாயந்திரம் வேன் வந்தது. டிரைவரும் இன்னொரு ஆளும் நாற்காலியைப் போர்வையில் சுற்றி, அலுங்காமல் இறக்கி, வண்டியில் ஏற்றினார்கள். பார்சல் சார் கூடவே ஓடினார். இருபது வருஷப் பழக்கம், கயிற்றை அவரே இழுத்துக் கட்டினார். நாலு பக்கமும் 'கவனம், உடையும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். பணம் கேட்காமல் அவர் ஒட்டிய முதல் ஸ்டிக்கர்கள் அவைதான். போர்வை விலகின இடத்தில் கறுப்புத் தோலை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் தொங்கிக்கொண்டிருந்த வயரைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் சொருகினான். பார்சல் சாருக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"தம்பி, இதுக்குத் தனி பிளக் பாயின்ட் வேணும்பா. சாதாரண பாயின்ட்ல போட்டா மோட்டார் போயிடும். மச்சான் பாவம், மனசு கேக்காம இன்னிக்கு மத்தியானம்தான் எடுத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டான். அங்க என்ன வசதி இருக்கோ, வாசல்ல நுழையுமோ நுழையாதோ, ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பார்த்து இறக்குப்பா."

டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டே சிரித்தான்.

"நீங்க கவலையே படாதீங்க சார், நான் அவரு பக்கத்து வீடுதான், இதுக்குன்னே ஹால்ல தனி பாயின்ட் போட்டு ரெண்டு மாசமாச்சே, வாசல்ல இடிக்கும்னு அப்பவே நிலையை இடிச்சு அகலமாக்கினதும் அவருதான், இந்த வண்டிக்கு இன்னிக்குத் தேதி போட்டு அட்வான்ஸ் குடுத்ததும் அவருதான்!"